கேலரி

ஆறுக்கு நான்கு. 1869 நவம்பர் 6 அன்று, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ரட்கர்ஸ் கல்லூரியும் பிரின்ஸ்டன் கல்லூரியும் ஆடிய பந்தாட்டத்தின் ஸ்கோர் அது. ரட்கர்ஸ் ஜெயித்தது. அணிக்கு 25 பேர். உருண்டைப் பந்து. அதைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் ஏறக்குறைய 100 பேர், மர வேலியின் மேலும் தரையிலும் உட்கார்ந்து பார்த்தார்கள். அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாறு அந்த மாலையில்தான் தொடங்குகிறது என்று சொல்வார்கள். அந்த மைதானம் இருந்த இடத்தில் இப்போது ஓர் உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறது. மைதானம் போய்விட்டது, ஸ்கோர் இருக்கிறது.

எங்கள் சித்தப்பா 1970-களில் கல்லூரி அணிக்காக ஓர் இறுதிப் போட்டியில் ஆடினார். அதன் ஸ்கோர் அவருக்கே நிச்சயமாகத் தெரியாது. "ரெண்டுக்கு ஒண்ணுடா... இல்ல, ரெண்டும் ரெண்டும் ஆகி டாஸ் போட்டாய்ங்களா? டாஸ்தான்னு நெனக்கிறேன்" என்பார். ஜெயித்தது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது. ஜெயித்த அன்றிரவு பி.டி. சார் வாங்கிக்கொடுத்த பரோட்டா அதைவிட நன்றாக ஞாபகம் இருக்கிறது. பார்க்க யார் வந்தார்கள் என்று ஒருமுறை கேட்டேன். "யாரு வருவா? எதிர் டீம் இருந்துச்சு, நாங்க இருந்தோம். ரெஃபரி இருந்தாரு" என்றார்.

எங்கள் ஊர் வல்லத்திராக்கோட்டை. புதுக்கோட்டை மாவட்டம். செம்மண், தைலமரம், முந்திரி, மழை பெய்தால் கண்மாய். அந்தக் காலத்தில் கண்மாய் வற்றினால்தான் கிரவுண்டு. பங்குனியில் தரை பாளம் பாளமாக வெடித்து, சித்திரையில் மாடு மிதித்து மட்டமான பிறகு பையன்கள் பந்தோடு இறங்குவார்கள். கோல் போஸ்ட் என்பது இரண்டு சட்டை. இப்படி வெறுங்காலில் பழகியவர்தான் சித்தப்பா. புதுக்கோட்டைக்குப் படிக்கப் போனபோது, அவர் லெஃப்ட் அவுட்டில் ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்துவிட்டு பி.டி. சார் டீமில் போட்டார். முதன்முதலாக பூட்ஸ் மாட்டியபோது நடக்கவே முடியவில்லையாம். "லாடம் அடிச்ச மாடு மாதிரி நடந்தேன்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு போலீஸ் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விளையாட்டில் சான்றிதழ் இருந்தால் நல்லது என்று யாரோ சொல்ல, சித்தப்பா தன்னுடையதைத் தேடினார். வீட்டுக் கூரை ஒழுகியதில் அது நனைந்து கூழாகிப் போயிருந்தது. கல்லூரி அலுவலகத்தில் போய்க் கேட்டார். அந்த வருடப் போட்டி பற்றி எந்த ரெஜிஸ்டரும் இல்லை, யார் ஆடினார்கள் என்று எழுதிவைக்கவில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். பி.டி. சார் அதற்குள் மாற்றலாகிப் போயிருந்தார். ஒரு குரூப் போட்டோ மட்டும் மிச்சம். அதில் வலது ஓரத்தில் நிற்கிறவர் சித்தப்பாதான் என்பதற்குச் சித்தப்பா மட்டும்தான் சாட்சி. அவர் போலீஸ் ஆகவில்லை. சைக்கிள் கடை வைத்தார்.

இந்தக் கதையைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறேன். அதில் எனக்குப் பெரிய கேள்வி எதுவும் இருந்ததில்லை. ஏழை ஊர், ஏழைக் கல்லூரி, யார் எழுதிவைப்பார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அக்கா மகள் கல்லூரி அணிக்கு ஆடத் தொடங்கிய பிறகுதான் அந்தப் பதில் போதாமல் ஆனது.

ஏனென்றால், எழுதிவைக்கும் பழக்கமும் கூடி நின்று பார்க்கும் பழக்கமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டில் அதிகமாக ஜல்லிக்கட்டு நடக்கும் மாவட்டம் எங்களுடையது. வருடத்தின் முதல் வாடிவாசல் தச்சங்குறிச்சியில் திறக்கும். அதற்குப் பல நாள் முன்பே சவுக்குக் கம்பும் கயிறும் வந்து இறங்கிவிடும். ஆட்கள் கேலரி கட்டுவார்கள். அதிகாரிகள் வந்து அந்தக் கேலரி ஆளைத் தாங்குமா என்று சோதித்துப் பார்ப்பார்கள். மைக்கில் ஒவ்வொரு மாட்டையும் ஊர் பேரோடும் உரிமையாளர் பேரோடும் கூப்பிட்டுத்தான் அவிழ்ப்பார்கள். இன்ன வருடம் இன்ன ஊர் மாட்டை இன்னார் பிடித்தார் என்று முப்பது வருடக் கணக்கை வாயிலேயே வைத்திருக்கும் பெரியவர்கள் எங்கள் பக்கம் டீக்கடைக்கு இருவர் உண்டு. அப்படியானால் நாம் மறக்கிற ஆட்கள் இல்லை. எதைப் பார்க்கப் போகிறோமோ அதை ஞாபகம் வைத்துக்கொள்கிறோம். கல்லூரிப் பிள்ளைகள் ஆடுவதைப் பார்க்க நாம் போனதில்லை. அவ்வளவுதான் விஷயம்.

*

ஸ்டேடியம் என்றால் புல்லும் கோல் போஸ்டும் என்று நினைக்கிறோம். அவை இரண்டும் ஆடுகிறவர்களுக்கு. ஸ்டேடியம் என்ற கட்டடம் முழுக்க முழுக்கப் பார்க்கிறவர்களுக்காகக் கட்டப்படுவது. அதனால் ஸ்டேடியங்களின் வரலாறு என்பது யார் பார்க்க வந்தார்கள் என்பதன் வரலாறு.

அமெரிக்கக் கல்லூரிகளில் இது அப்பட்டமாகத் தெரியும். 1869-இல் வேலியில் உட்கார்ந்திருந்த 100 பேர் முப்பது வருடத்துக்குள் பல்லாயிரம் ஆனார்கள். ஆட்டமும் மாறியது. பந்து முட்டை வடிவமானது, கையில் தூக்கிக்கொண்டு மோதி முன்னேறும் ஆட்டமானது. நாம் ஃபுட்பால் என்பதை அங்கே சாக்கர் என்பார்கள். அங்கே ஃபுட்பால் என்றால் இந்த மோதல் ஆட்டம்தான். மரத்தில் கட்டிய கேலரிகள் கூட்டத்தைத் தாங்கவில்லை, தீப்பிடிக்கும் பயமும் இருந்தது. ஹார்வர்டில் 1879-ஆம் ஆண்டு மாணவர்கள் பழைய மாணவர் அன்பளிப்பாக 1,00,000 டாலர் தர, 1903-இல் குதிரை லாட வடிவத்தில் கம்பி கட்டிய கான்கிரீட்டால் ஸ்டேடியம் எழுந்தது. அந்த அளவுக்குக் கான்கிரீட்டை நம்பி விளையாட்டரங்கம் கட்டியது அதுவே முதல்முறை.

அந்தக் கான்கிரீட் ஆட்டத்தின் விதியையே மாற்றியது என்பதுதான் எனக்குப் பிடித்த பகுதி. 1905-இல் மைதானங்களில் மாணவர்கள் அடிபட்டுச் செத்துக்கொண்டிருந்தார்கள். ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன் ஆட்களை வெள்ளை மாளிகைக்குக் கூப்பிட்டுப் பேசினார். நெரிசலைக் குறைக்க மைதானத்தை அகலப்படுத்தலாம் என்று ஒரு யோசனை வந்தது. ஹார்வர்ட் ஸ்டேடியத்தை நகர்த்த முடியாது, அது கல்லாகிவிட்டது. அகலப்படுத்தும் யோசனை கைவிடப்பட்டது. 1906-இல் பந்தை முன்பக்கமாக எறியலாம் என்று விதி வந்தது. இன்று அந்த ஆட்டத்தின் அழகு என்று சொல்லப்படுவதே அந்த எறிதல்தான். பார்க்க வந்தவர்களுக்காகக் கட்டிய படிக்கட்டு, ஆடுகிறவர்களின் ஆட்டத்தைத் தீர்மானித்தது.

அதன் பிறகு அளவு பெருத்தது. 1914-இல் யேல் பவுல். 1927-இல் மிச்சிகன் ஸ்டேடியம். மிச்சிகனில் இன்று 1,07,601 பேர் உட்காரலாம். 2011 கணக்கெடுப்பின்படி புதுக்கோட்டை நகராட்சியின் மொத்த மக்கள்தொகை சுமார் 1,17,000. அதாவது கைக்குழந்தையிலிருந்து கிழவி வரை எங்கள் டவுனில் முக்கால்வாசிக்கும் மேலான பேரை ஒரே கல்லூரி கிரவுண்டில் உட்கார வைத்துவிடலாம். இதில் கெட்டதும் உண்டு. அவ்வளவு பேர் டிக்கெட் வாங்கிப் பார்த்த ஆட்டத்தில், ஆடிய மாணவர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து ஒரு காசு சம்பாதிக்க 2021 ஜூலை வரை அனுமதி இல்லை. பயிற்சியாளர்கள் கோடிகளில் வாங்கினார்கள். கேலரி வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அங்கே ஒரு லெஃப்ட் அவுட் காணாமல் போக முடியாது. அவன் எந்த நிமிடம் என்ன செய்தான் என்பது எங்காவது எழுதியிருக்கும்.

*

நம் நாட்டிலும் கால்பந்தைக் காலில் எடுத்தவர்கள் மாணவர்கள்தான். 1877-இல் கல்கத்தாவில், ஹேர் பள்ளியில் படித்த நகேந்திரபிரசாத் சர்வாதிகாரி என்ற சிறுவன், வெள்ளைக்காரச் சிப்பாய்கள் ஆடுவதைப் பார்த்து நின்றான், தன்னிடம் உருண்டு வந்த பந்தை உதைத்துத் திருப்பி அனுப்பினான் என்று கதை தொடங்கும். பிறகு பள்ளிப் பையன்கள் காசு சேர்த்துப் பந்து வாங்கப் போய், தெரியாமல் ரக்பி பந்தை வாங்கி வந்தார்கள். அடுத்த கட்டடமான பிரசிடென்சி கல்லூரியின் வெள்ளைக்காரப் பேராசிரியர் ஒருவர்தான் சரியான பந்துக்கு வழி செய்தார். அங்கிருந்து கல்லூரி கல்லூரியாக ஆட்டம் பரவியது.

1911 ஜூலை 29-இல் ஐ.எஃப்.ஏ. கேடய இறுதியில் மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் ரெஜிமென்டை இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்தது. மோகன் பகானில் பத்துப் பேர் வெறுங்கால். பூட்ஸ் போட்டிருந்த ஒரே ஆள் சுதிர் சட்டர்ஜி, கல்லூரி ஆசிரியர். கல்கத்தா மைதான் ராணுவத்தின் நிலம், நிரந்தரக் கட்டடம் எழுப்ப விடமாட்டார்கள். அதனால் ஸ்டேடியம் இல்லை. ஆனால் கூட்டம் ரயிலிலும் படகிலும் வந்தது. மரத்தில் ஏறிக்கொண்டது. பின்னால் நின்றவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்பதால் ஸ்கோரைப் பட்டத்தில் எழுதிப் பறக்கவிட்டார்கள் என்பார்கள். கான்கிரீட் இல்லாமலே கேலரி உண்டாகும் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

தமிழர்கள் கல்லூரி கிரவுண்டில் கூடுவதே இல்லையா என்றால், அதுவும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடத்தையே கல்லூரி என்பார்கள். அங்கே மத்திய கல்லூரிக்கும் பரி யோவான் கல்லூரிக்கும் 1904 முதல் கிரிக்கெட் நடக்கிறது. 'வடக்கின் சமர்' என்று பெயர். அந்த நாட்களில் லண்டனிலிருந்தும் டொராண்டோவிலிருந்தும் பழைய மாணவர்கள் வந்து இறங்குகிறார்கள். அதே யாழ்ப்பாணத்தில், கோட்டையிலிருந்து நடந்து போகும் தூரத்தில், துரையப்பா விளையாட்டரங்கம் இருக்கிறது. 1975-இல் சுட்டுக் கொல்லப்பட்ட மேயர் அல்பிரட் துரையப்பாவின் பெயர். போர்க்காலத்தில் அங்கே ஆட்டமும் இல்லை, பார்க்க ஆளும் இல்லை. 1999-இல் புனரமைப்புக்காகத் தோண்டியபோது மண்ணுக்கு அடியில் மனித எலும்புகள் கிடைத்தன. இந்திய உதவியோடு சீரமைத்து 2016 ஜூன் 18 அன்று மறுபடி திறந்தார்கள். பார்க்கிற கண்கள் விலகிப்போன ஒரு மைதானத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த அரங்கம்தான் ஞாபகம் வருகிறது.

ஒரு கோலை நாடு முழுக்க ஞாபகம் வைத்திருப்பதும் நடக்கிறது. 1960 ரோம் ஒலிம்பிக்கில் பெருவுக்கு எதிராக இந்தியா மூன்றுக்கு ஒன்று என்று தோற்றது. அந்த ஒன்றை அடித்தவர் தமிழரான சைமன் சுந்தர்ராஜ். அதன் பிறகு ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியாவுக்குக் கோலே இல்லை. தோற்ற ஆட்டத்தின் கோல்தான். யாரோ பார்த்தார்கள், யாரோ எழுதினார்கள், அதனால் நிற்கிறது.

*

அக்கா மகள் திருச்சியில் பெண்கள் கல்லூரி ஒன்றில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். ரைட் பேக் ஆடுகிறாள். முதல் வருடம் முழுக்க அவள் ஆடியது வீட்டுக்குத் தெரியாது. ஜெர்சியை ஹாஸ்டலிலேயே துவைத்துக் காயப்போட்டு வைத்துக்கொண்டாள். பல்கலைக்கழக அணிக்கான தேர்வு முகாமுக்குப் பேர் வந்தபோதுதான் வெளியே வந்தது. பத்து நாள் முகாம், பெற்றோர் சம்மதக் கடிதம் வேண்டும்.

மச்சான் சிங்கப்பூரில் கட்டட வேலை. போனில் ஒரே வார்த்தையில் முடித்தார். "வேணாம். டவுசர் போட்டு ஆடுறதுக்கா நான் இங்க வெயில்ல நிக்கிறேன்?" அக்கா அதையே கொஞ்சம் நீட்டிச் சொன்னாள். நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் கேட்டால் என்ன சொல்வது, கால் ஒடிந்தால் யார் பார்ப்பது. அவள் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எங்கள் ஊருக்குப் பக்கத்தில் இருக்கிற கத்தக்குறிச்சியில் பிறந்து, 2006 தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டரில் வெள்ளி ஜெயித்த சாந்தி சௌந்தர்ராஜனுக்கு அந்தப் பதக்கத்தைப் பறித்த பிறகு ஊர் உலகம் என்ன பேசியது என்று எங்கள் பக்கத்துத் தாய்மார்கள் எல்லாருக்கும் தெரியும். ஓடிய பெண்ணுக்கு உலகம் என்ன கொடுக்கும் என்பதற்கு அவர்கள் கண்ட உதாரணம் அது.

தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-இலும் 2023-இலும் தேசிய சாம்பியன் ஆனார்கள் என்று எடுத்துச் சொன்னேன். அக்கா ஆச்சரியமாகக் கேட்டுக்கொண்டாள். "சரி, நல்லதுதான்" என்றாள். அவள் மனசில் அது வேறு யாருடைய பிள்ளைகளோ.

தாய்மாமன் என்ற உரிமையில் நான் பேசிக்கொண்டே இருந்தேன். சித்தப்பா திண்ணையிலிருந்து குறுக்கே ஒன்றுதான் கேட்டார். "இவ ஆடி நீங்க யாராச்சும் பாத்திருக்கியளா?"

யாரும் பார்த்ததில்லை.

"பாக்காம வேணாங்கிறதும் தப்பு, பாக்காம வேணுங்கிறதும் தப்பு. ஒரு மேட்ச் பாப்போம். அப்பறம் பேசிக்கலாம்."

அடுத்த வாரம் கல்லூரிகளுக்கிடையே ஒரு மேட்ச் இருந்தது. ஊரிலிருந்து வேன் பிடித்துப் போனோம். சித்தப்பா, அக்கா, நான், டிரைவர். வேறொரு கல்லூரியின் கிரவுண்டு. ஒரு பக்கம் கோலுக்குப் பின்னால் கட்டடம் கட்டக் கொண்டுவந்த செங்கல் அடுக்கியிருந்தது. சுண்ணாம்புக் கோடு பாதி அழிந்திருந்தது. உட்கார ஓர் இடம் கிடையாது. வேப்பமர நிழலில் நின்றோம். பார்க்க வந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணினேன். நாங்கள் 4 பேர், வாட்ச்மேன், செங்கல் இறக்க வந்த 2 பேர், காதில் ஹெட்போனோடு 2 மாணவிகள். மொத்தம் 9.

எங்களைப் பார்த்ததும் அவளுக்குக் கால் கட்டிக்கொண்டது. முதல் பத்து நிமிடம் வந்த பந்தையெல்லாம் வெளியே உதைத்தாள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தாள். சித்தப்பா மட்டும் கோட்டை ஒட்டி நடந்துகொண்டே, தனக்குத் தானே சொல்வதுபோல, "ஏறு... ஏறும்மா... இறங்கு இப்ப" என்று சொல்லிக்கொண்டிருந்தார். சைக்கிள் கடையில் இத்தனை வருடம் குனிந்தே இருந்த முதுகு அன்று நிமிர்ந்திருந்தது.

அரை மணி நேரம் போயிருக்கும். எதிர் டீம் ஃபார்வர்டு ஒருத்தி வேகமாக உள்ளே வந்தாள். எங்கள் பிள்ளை பக்கவாட்டில் ஓடி, சரியான நேரத்தில் காலை நீட்டி, பந்தை மட்டும் எடுத்தாள். அந்தப் பெண் தடுமாறி, முழங்கையால் இவள் விலாவில் ஓர் இடி இடித்துவிட்டு விழுந்தாள்.

"ஏய்! ஏய்! இடிக்கிறா பாரு! சார், பாத்துக்கிட்டு நிக்கிறீய?" என்று ஒரு குரல் கிரவுண்டைக் கிழித்தது. ரெஃபரியே திரும்பிப் பார்த்தார். அக்காதான். கோட்டுக்கு உள்ளே போயிருந்தாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இடைவேளையில் மச்சான் வீடியோ காலில் வந்தார், சாப்பாட்டு நேரமாம். சும்மா காட்டுவோம் என்று கேமராவைத் திருப்பினேன். உடனே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். இரண்டாம் பாதி தொடங்கியும் அவர் வைக்கவில்லை. "மாப்ள, போன ஆட்டாமப் புடி." கொஞ்ச நேரம் கழித்து, "எதுடா நம்ம புள்ள?" என்றார். "நாலாம் நம்பர் மச்சான்." அதற்குப் பிறகு பேச்சே இல்லை. பின்னால் கான்கிரீட் மிக்சர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்துப் பெண் ஒருத்தி அடித்த கோலுக்கு ரெஃபரி ஆஃப்சைடு கொடுத்தபோதுதான் மறுபடி குரல் வந்தது. "யோவ், அது எப்புடிய்யா ஆஃப்சைடு? ஆளு உள்ளதான நிக்கிறா?"

இரண்டுக்கு ஒன்று என்று தோற்றார்கள். பிள்ளை முழங்காலில் சிராய்ப்போடு வந்து எங்கள் முன்னால் நின்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. அக்கா அந்த முழங்காலைப் பார்த்தாள், சேலைத் தலைப்பில் தண்ணீர் நனைத்து மண்ணைத் துடைத்துவிட்டாள். "அந்தக் கடுதாசிய எடுத்துட்டு வா. எங்க கையெழுத்து போடணும்?" என்றாள். மச்சான் என்ன சொன்னார் என்று யாரும் கேட்கவில்லை. அவர் வைக்கும்போது என்னிடம் சொன்னது, "அடுத்த மேட்ச் என்னைக்குன்னு கேட்டுச் சொல்லு. லீவு பாக்குறேன்" என்பதுதான். லீவு கிடைக்காது, அது அவருக்கும் தெரியும்.

முகாமில் அவள் தேர்வாகலாம், ஆகாமலும் போகலாம். நாளைக்கு ஏதாவது வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும்போது காகிதம் கேட்பார்கள். இந்த முறை கூழாகிப் போக விடக் கூடாது என்று நான் ஒரு நோட்டு வாங்கியிருக்கிறேன். வேனில் திரும்பி வரும்போது முதல் பக்கத்தில் எழுதினேன். தேதி, கிரவுண்டு, இரண்டு கல்லூரிகளின் பெயர், ஸ்கோர், கோல் அடித்தவர்களின் நம்பர், மஞ்சள் அட்டை ஒன்று.

"அடுத்த தடவ வரும்போது பாய் ஒண்ணு எடுத்துட்டு வரணும். நின்னு நின்னு காலு கடுக்குது" என்றாள் அக்கா.

சித்தப்பா என் நோட்டை எட்டிப் பார்த்தார். "பாத்தவங்க எத்தன பேருன்னும் எழுது."

9 என்று எழுதினேன்.

"பத்துன்னு போடுடா. சிங்கப்பூர்ல ஒருத்தன் பாத்தான்ல."